கண்ணில் ஒற்றிய கையெழுத்து

அண்ணா,

இன்று காலை கடையைத் திறந்து ஊதுவத்தி கூட ஏற்றவில்லை, அதற்குள் ஒரு அம்மா அட்டைப்பெட்டி நிறைய ஊறுகாய் பாட்டில்களோடு வந்து நின்றார். சென்னையில் இருக்கும் மகளுக்கு கூரியரில் அனுப்ப வேண்டுமாம். பெட்டி மேல் முகவரி எழுத மார்க்கர் கேட்டார். இழுப்பறையைத் துழாவியதில் மூடி இறுகிப்போன பழைய மார்க்கர் ஒன்றுதான் அகப்பட்டது. அவர் அதைப் பல்லால் கடித்துத் திறந்ததும் அந்த வாடை குப்பென்று வந்தது. "என்னாம்மா, இப்பிடி வேர்க்குது உனக்கு?" என்று அவரே கேட்டார். ஒன்றுமில்லை என்று ஃபேனைக் கூட்டி வைத்தேன். எழுதி முடித்தவர், பெட்டியை என் பக்கம் தள்ளுவதற்காக எழுத்தின் மேலேயே உள்ளங்கையை வைக்கப் போனார். "கை வெக்காதீங்க! காயட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிரே டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊறுகாய்ப் பெட்டிக்கா இந்தக் கூப்பாடு என்று நினைத்திருப்பார் பாவம். நீங்கள் இருந்திருந்தால் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர்கள். ஒருவேளை சிரித்திருக்க மாட்டீர்கள். இனிமேல் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டவள் நான். இப்போது காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் முதல்முதலாக என் கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? ஜெராக்ஸ், லேமினேஷன், கூரியர் என்று பலகை மாட்டி, கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் கடை போட்டு ஒரு வருடம் இருக்கும். சித்தேரி மலைக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தோளில் துண்டு, கையில் துணிப்பை. பையிலிருந்து ஒரு துவாலையை எடுத்தீர்கள். துவாலைக்குள் செய்தித்தாள். செய்தித்தாளுக்குள் அது.

"இதுல ஒவ்வொரு பக்கமா பிரிச்சு லேமினேஷன் போட்டுக் குடும்மா. அட்டைக்கு மட்டும் கொஞ்சம் தடியாப் போடு."

சிவப்பு அட்டை. குதிரை ஒன்று பள்ளத்தைத் தாண்டுகிறது, பின்னால் மஞ்சள் வானம். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வந்த அந்தக் காமிக்ஸ் தீபாவளி மலர். நானும் ஒன்று வைத்திருந்தேன், எங்கள் வீட்டுச் சுவர் இடிந்த மழையில் அது கூழாகிப் போனது. உங்களுடையது நேற்று அச்சடித்தது போல இருந்தது. ஓரம் மடங்கவில்லை. பின் கூடத் துருப்பிடிக்கவில்லை. அதைப் பிரித்துச் சூடான உருளைக்குள் விடச் சொல்கிறீர்கள்! நான் கத்திவிட்டேன்.

"பைத்தியமா உங்களுக்கு? இத லேமினேஷன் பண்ணினா அப்புறம் இது புஸ்தகமா, ரேஷன் கார்டா?"

முன்பின் தெரியாத பெண் இப்படிப் பேசினால் வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டீர்கள்: "அப்ப இத எப்பிடிம்மா காப்பாத்தறது?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த கதையை அடுத்த வாரம் டீ குடிக்கும்போது சொன்னீர்கள். இரண்டு தகரப்பெட்டி நிறைய சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள். ஒரு போகிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது, நீங்கள் மலையில் டியூட்டியில் இருந்த இரண்டு நாளில், அண்ணி இரண்டு பெட்டியையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உங்கள் காக்கிப் பையில் இருந்ததால் இது ஒன்று மட்டும் தப்பியது. அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. "அவ மேல தப்பில்ல. பொம்ம புஸ்தகம்னு நெனச்சுட்டா" என்றீர்கள். நானாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

அப்படித்தான் நாம் பழகினோம். வாரத்தில் மூன்று நாளாவது வந்துவிடுவீர்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் உங்கள் பழக்கத்தை நிறுத்த எனக்கு இரண்டு மாதம் ஆனது. விரலை நாக்குக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் ஸ்கேலால் மேசையைத் தட்டுவேன். "கண்டக்டர்கூட இருந்து இருந்து ஒட்டிக்கிச்சு தங்கச்சி" என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வீர்கள். எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. உங்களைத் திட்டும் உரிமையை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன், நீங்களும் கொடுத்தீர்கள். அது இவ்வளவு தூரம் போகும் என்று அப்போது தெரியவில்லை.

கிரேடிங் பற்றிச் சொன்னவள் நான்தான். பழைய காமிக்ஸை வெளிநாட்டில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினால் மூலை, முதுகு, பின், பக்கத்தின் நிறம் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்புவார்கள் என்று போனில் படம் காட்டினேன். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள வெச்சு மூடிட்டா எப்பிடிப் படிக்கறது?" என்றீர்கள்.

"படிக்க முடியாதுங்கண்ணா."

"ஃப்ரீசர் பொட்டியில வெச்ச மாதிரி, வர்றவங்க எல்லாம் சுத்தி நின்னு பாத்துட்டுப் போவணுமா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்து, தர்மபுரிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் பஸ் இறங்கி நேராகக் கடைக்கு வந்தீர்கள். கையில் பிளாஸ்திரி. டீ வேண்டாம் என்றீர்கள். "அந்தப் பொட்டி விசயம் சொன்னியே தங்கச்சி. அதுக்குள்ள இருந்தா எடைக்குப் போடமாட்டாங்கல்ல? பாத்தாலே ஏதோ பெரிய பொருள்னு தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"அப்ப போட்டுரு. எனக்கு அப்புறம் அது வூட்டுல இருக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். மதிப்பெண் வேண்டும் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டது நான். நம்ம பக்கத்திலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகம் ஒன்பதரை வாங்கிப் பெட்டிக்குள் உட்கார வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி ஏறிவிட்டது. அட்டைப் படம் வரைந்த ஓவியர் ஐயா இன்னும் இருக்கிறார், தர்மபுரியில் பழைய வாசகர்கள் நடத்தும் கூட்டத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அந்த வெறி இரண்டு மடங்காகிவிட்டது. அவர் கையெழுத்தும் இருந்தால் எப்படி இருக்கும்! ஆனால் கையெழுத்தை கம்பெனியின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை யாரோ கிறுக்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், மதிப்பெண் குறையும். பெங்களூரில் அப்படி ஒருவரைப் பிடித்து, அன்றைக்கு வரச் சொல்லி, கையோடு புத்தகத்தை அவரிடமே கொடுத்து அனுப்புவதாக ஏற்பாடு.

அந்தப் பதினைந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதில் எல்லாம் கெட்டுப்போகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். புத்தகம் இருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அதை வெளியே எடுக்கும்போது உறை வாயில் ஒட்டிய டேப் அட்டையைக் கவ்விப் பிடித்தால் அரைப்பக்கம் உரிந்து வந்துவிடும். மெத்தென்ற இடத்தில் வைத்து எழுதினால் பேனா அழுத்தத்தில் அட்டை பள்ளம் விழும். மை ஊறி மறுபக்கம் வரலாம். வியர்த்த விரல் பட்டால் ரேகை விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி பண்ணினேன். நான்கு கம்பெனி மார்க்கர் வாங்கி, அதே காலத்துப் பழைய வாரப்பத்திரிகை அட்டைகளில் எழுதிப் பார்த்தேன். ஊறாமல் நின்றது ஒன்றுதான். ஆனால் அந்த வழவழப்பு அட்டையில் அது காய்வதற்கு முந்நூறு எண்ண வேண்டியிருந்தது. புத்தகத்தை உறையை விட்டு எடுக்கவே வேண்டாம் என்று, உறையில் கையெழுத்து விழும் இடத்துக்கு மட்டும் நேராக ஒரு ஜன்னல் வெட்டினேன், குதிரைக்கு மேலே மஞ்சள் வானத்தில். பிளேடு பிடித்து வெட்டும்போது நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றீர்கள். "டாக்டரம்மா, ஆப்பரேஷன் முடிஞ்சுதா?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், நம் ஊர்க்காரர்களை மட்டும் யோசிக்கவில்லை. வாசலிலேயே மேசை போட்டு, சந்தனக் கிண்ணம், குங்குமம், கல்கண்டுத் தட்டு, பன்னீர்ச்செம்பு! காமிக்ஸ் கூட்டத்துக்குப் பன்னீர்! பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் வருகிறவர்கள் தலையில் எல்லாம் செம்பை உதறிக்கொண்டிருந்தாள். புத்தகம் வைத்திருந்த ஃபைலைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி, குழந்தையை மழையில் தூக்கிப் போவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எங்களுக்கு வேண்டாம், எங்களுக்கு வேண்டாம்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நீங்கள் பின்னால் நின்று, அந்தப் பெண் முகம் வாடக்கூடாது என்று, எனக்கும் சேர்த்துப் பன்னீர் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். வந்ததும் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று விரட்டினேன். போனீர்கள். வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். வேட்டியில் துடைத்தால் பஞ்சு ஒட்டும் என்று மறுபடி விரட்டினேன். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அது. கால் வீங்கியிருந்தது. உங்களை நான் இரண்டு தடவை அந்த நீளமான மண்டபத்தின் கடைசி வரை நடக்க வைத்தேன்.

ஓவியர் ஐயா மேடைக்குக் கீழே ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். வந்தவர்கள் எல்லாம் அவர் இரண்டு கையிலும் முழங்கை வரை சந்தனம் பூசியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஈரத்துணியோடு அவர் முன்னால் மண்டிபோட்டு, "ஐயா, கோவிச்சுக்காதீங்க, கையக் கொஞ்சம் தொடச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "தொடைம்மா, தொடை. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ பூசமாட்டாங்க" என்று கையை நீட்டினார். விரல் விரலாகத் துடைத்தேன். வலது கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பெங்களூர்க்காரரைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெட்டியான அட்டை மேல் வைத்து, ஜன்னலைக் காட்டி, மார்க்கரைக் கொடுத்தேன். உங்களைப் பார்த்தேன். நீங்கள் கை கட்டி, சாமி முன்னால் நிற்பது போல நின்றீர்கள். ஐயா அட்டையை வெகுநேரம் பார்த்தார். "இந்தக் குதிரைக்குப் பின்னங்கால் சரியா வரலன்னு அப்பவே ஆபீஸ்ல திட்டினாங்க" என்றார். நீங்கள் சட்டென்று சொன்னீர்கள்: "எனக்கு அந்தக் காலப் பாத்துத்தாங்க ஐயா அத வாங்கணும்னே தோணுச்சு." அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். பேனாவைப் பிடித்ததும் அந்த நடுக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரே இழுப்பு. மஞ்சள் வானத்தில் கறுப்பாக, ஜன்னலை விட்டு ஒரு நூல் கூட வெளியே போகாமல் கையெழுத்து விழுந்தது.

எனக்கு உயிர் வந்தது. பெங்களூர்க்காரர் படிவத்தில் நேரத்தைக் குறித்தார். நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். முந்நூறு வரை யாரும் தொடக்கூடாது.

பதினேழு எண்ணியிருப்பேன். ஐயா புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து, கோயிலில் பிரசாதம் கொடுப்பது போல உங்களிடம் நீட்டினார். நீங்களும் இரண்டு கையாலும் வாங்கினீர்கள். வாங்கி, குனிந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

ஒரு கண்ணில். பிறகு மறு கண்ணில்.

எச்சிலை யோசித்தேன், வியர்வையை யோசித்தேன். இதை யோசிக்கவில்லை. வண்டி எடுக்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முப்பது வருடம் மலை ஏறி இறங்கியவர் நீங்கள். பெரியவர் கையால் ஒன்று கிடைத்தால் உங்கள் கை வேறெங்கே போகும்? என் காலில் ஒரு தாள் பட்டால் நானும் அதைத்தானே செய்கிறேன்? அதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் நிமிர்ந்தபோது புருவத்துக்கு மேல், விபூதிக்குக் குறுக்கே, கறுப்பாக இழுபட்டிருந்தது. அட்டையில் பாதிக் கையெழுத்து ஜன்னல் முழுக்கத் தேய்ந்து புகை மாதிரி ஆகியிருந்தது.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "அறிவு இருக்குதா உங்களுக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னனே! பஸ் ஓட்டறவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது!" அவ்வளவு பேர் முன்னால். பன்னீர் தெளித்த பெண் முன்னால். ஐயா முன்னால்.

"பழக்கம் தங்கச்சி. கை தானாப் போயிருச்சு" என்றீர்கள். நெற்றியில் மை இருப்பது கூட உங்களுக்குத் தெரியவில்லை.

ஐயா இன்னொரு முறை போட்டுத் தருகிறேன் என்றார். மேலே எத்தனை போட்டாலும் கலைந்தது கலைந்ததுதான் என்றார் பெங்களூர்க்காரர். அப்படியே அனுப்பலாம், மதிப்பெண் குறையும், ஆனால் பெட்டிக்குள் பத்திரமாக வந்துவிடும். இல்லையென்றால் கறையை மட்டும் மருந்து வைத்து எடுக்கத் தெரிந்த ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். "ஆனா உறுதி சொல்ல முடியாது மேடம். பழைய அட்டை. நிறம் போனாலும் போகும்." நீங்கள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அப்பிடியே அனுப்பிடுங்க தம்பி. பொட்டி போதும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் வெளியே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கடத்தூரில் இறங்கும்போது, "சாப்பிட்டுட்டுப் படு" என்றீர்கள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நான் பெங்களூருக்குப் போன் போட்டேன். மருந்து வைத்து எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்றேன். "ஓனர் வேண்டாம்னாரே மேடம்?" என்று அவர் கேட்டார். "அண்ணன் இப்ப சரின்னுட்டாருங்க" என்றேன். இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

பார்சல் என் கடை முகவரிக்கு வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பிரித்தேன். கறை போயிருந்தது. கறையோடு மஞ்சளும் போயிருந்தது. குதிரைக்கு மேலே வானம் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. கையெழுத்தில் முதல் எழுத்தின் வால் மட்டும் மிச்சம். மருந்து ஓரம் வரை ஊறியதில் அட்டை அங்கே விரிசல் விட்டிருந்தது. மேலே சீட்டில் மூன்று என்று மதிப்பெண், நிறம் அழிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு. நீங்கள் கண்ணில் ஒற்றிய புத்தகம் அப்படியே போயிருந்தால் எட்டு மதிப்பெண்ணாவது வந்திருக்கும். உங்கள் கை கெடுத்தது கொஞ்சம், நான் கெடுத்தது முழுக்க.

பெட்டியைக் கவுண்டருக்கு அடியில், பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளினேன். மறுநாளே நீங்கள் வந்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டீர்கள். "வந்துருச்சா தங்கச்சி?"

"இன்னும் வரலீங்கண்ணா."

உங்கள் முழங்காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைதான். நீங்கள் காலை நீட்டினால் இடிக்கும். யாரோ ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள், பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. புதுக்கட்டு எடுக்கக் குனிந்தால் பெட்டி தெரிந்துவிடும். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் மெஷினைப் பார்த்தீர்கள், அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தீர்கள்.

அப்புறம் நான்கு தடவை கேட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் உங்கள் முகம் ஊதிக்கொண்டே வந்தது, குரல் தேய்ந்துகொண்டே வந்தது. வெளிநாட்டில் தாமதம் என்றேன். சுங்கத்தில் நிற்கிறது என்றேன். கடைசித் தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில். மூக்கில் குழாய். நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். பெட்டியையும் அன்றைக்குப் பையில் எடுத்து வந்திருந்தேன், அண்ணா. சத்தியமாக. எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "வந்துருச்சா?" என்றதும், உங்கள் கண்ணைப் பார்த்ததும், வாய் பழையபடி அதையே சொல்லிவிட்டது. "சரி, வரட்டும்" என்றீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

காரியத்துக்கு முன்னால் அண்ணி கடைக்கு வந்தார். மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும், போனில் நல்லதாக ஒன்று இருந்தால் எடுத்துப் பெரிசாகப் போட்டுக் கொடு என்று உங்கள் போனை என்னிடம் தந்தார். படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பேரன் பிறந்தநாள், மலைப்பாதை, உங்கள் பழைய பஸ். அடுத்த படத்தில் அது இருந்தது. பெட்டி. மூன்று என்ற எண். வானத்தில் வெள்ளை.

படிவத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் போன் நம்பரை எழுதியதே நான்தான். மறந்துபோயிருந்தேன். பெட்டி கம்பெனியிலிருந்து தன் கைக்குத் திரும்பி வந்த அன்றைக்கே பெங்களூர்க்காரர் உங்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார். கூடவே, "நீங்கள் சம்மதித்தபடி சுத்தம் செய்ததில் இப்படி ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே உங்கள் பதில், குரலில். தேதியைப் பார்த்தேன். நீங்கள் முதல் தடவை என்னிடம் கேட்ட நாளுக்கு மூன்று நாள் முன்னால்.

கை தெரியாமல் அழுத்திவிட்டேன். உங்கள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"பரவால்லீங்க தம்பி. எனக்குத் தெரியும்னு தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. அதுவே சொல்லும். நான் போயிக் கேட்டுக்கறேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் போன பிறகு உங்கள் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. "இன்னொருக்கா போடும்மா" என்றார். போட்டேன். "இன்னொருக்கா." கண்ணீரும் சிரிப்புமாக, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் கேட்கக் கேட்க, நான் உங்கள் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏமாந்து வந்து கேட்கவில்லை. எனக்கு வாய்ப்புக் கொடுக்க வந்தீர்கள். அந்த வீங்கிய காலோடு நான்கு தடவை, ஐந்தாவது தடவை கட்டிலில் கிடந்தபடியே கேட்டீர்கள்.

நான்காவது முறை முடிந்ததும் அண்ணி கேட்டார். "என்னத்தம்மா கேட்டுக்கறேன்றாரு?"

குனிந்து பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்தில் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். அண்ணி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையால் பெட்டியைத் துடைத்தார். "இது அவரோடதா? அப்ப வூட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். இப்போது அது உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு மேலே இருக்கிறது. மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். நீங்கள் கேட்டது நடந்திருக்கிறது. என்னால் அல்ல, என்னையும் மீறி.

என்னிடம் இருப்பது அந்தக் குரல் மட்டும்தான். அன்றைக்கே அண்ணியிடம் கேட்டு என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். பதினோரு விநாடி. கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் போட்டுக் கேட்கிறேன். "நான் போயிக் கேட்டுக்கறேன்" என்று முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்போது வாய்விட்டுச் சொல்கிறேன், தினமும் சொல்கிறேன்: வந்துருச்சுங்கண்ணா. அன்னிக்கே வந்துருச்சு. நாந்தான் கெடுத்துட்டேன்.